மாநிலம் சொன்னால்தான் மாவட்டம்

இணையப் படிவத்தின் உறுப்புகளுள் மிகுந்த பணிவும் மிகுந்த பிடிவாதமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றது சார்புப் பட்டியலே ஆகும். சொடுக்கியவுடன் கீழே விரிந்து, விடைகளை வரிசையாகக் காட்டி, அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள இசையும் கட்டத்தை டிராப்டவுன் என்று எல்லாரும் அழைக்கின்றனர். அத்தகைய கட்டங்கள் இரண்டு அடுத்தடுத்து நின்று, முதலாவதில் எடுக்கப்படும் விடையைப் பொறுத்தே இரண்டாவதன் விடைகள் அமையுமானால், முன்னது தாய்ப் பட்டியல் என்றும் பின்னது சேய்ப் பட்டியல் என்றும் பெயர்பெறும். மாநிலத்தைச் சார்ந்து மாவட்டமும், மாவட்டத்தைச் சார்ந்து வட்டமும், வட்டத்தைச் சார்ந்து வருவாய்க் கிராமமும் என நான்கு தலைமுறைகள் ஒரே திரையில் வாழ்வது இந்தியப் படிவங்களில் இயல்பாகக் காணக்கூடிய காட்சி.

தாய் வாய் திறக்கும்வரை சேய் வாய் திறப்பதில்லை. சாம்பல் நிறம் பூண்டு, ‘தேர்ந்தெடுக்கவும்’ என்னும் ஒற்றைச் சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, தேர்ந்தெடுப்பதற்கு உள்ளே ஒன்றுமே இல்லாத நிலையிலும் அது அவ்வாறே வேண்டிக்கொண்டிருக்கும். லட்சத்தீவைத் தேர்ந்தெடுத்தவர் படும் பாடு இதனினும் நுட்பமானது. அந்த யூனியன் பிரதேசம் முழுவதும் ஒரே மாவட்டமாதலால் சேய்ப் பட்டியலில் ஒரே ஒரு விடைதான் விரியும். எனினும் அதைத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டியல் கருதுவதால், விண்ணப்பதாரர் அதைத் தம் விரலால் தொட்டு உறுதிசெய்யும்வரை ‘மாவட்டம் தேர்ந்தெடுக்கப்படவில்லை’ என்று சிவப்பு எழுத்தில் குற்றம்சாட்டப்படுவார். தேர்தலில் ஒரே வேட்பாளர் நின்றால் போட்டியின்றித் தேர்வு என அறிவித்துவிடும் தாராளம் படிவங்களை இன்னும் எட்டவில்லை.

இந்தச் சார்பு பட்டியலின் பிறவிக்குணம் அன்று. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறையிலேயே ‘செலக்ட்’ என்னும் பட்டியலும் அதனுள் ‘ஆப்ஷன்’ என்னும் விடைகளும் இடம்பெற்றுவிட்டன. ஆனால் ஒரு பட்டியல் இன்னொன்றைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதுவதற்கு அம்மொழியில் ஒரு சொல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆகவே உறவு உண்டாக்கும் பொறுப்பு முழுவதும் நிரல் எழுதுபவரைச் சேர்ந்தது: தாய்ப் பட்டியலில் தேர்வு மாறும்போது உலாவி எழுப்பும் ‘சேஞ்ச்’ என்னும் அறிவிப்புக்காக ஜாவாஸ்கிரிப்ட் காத்திருந்து, சேயின் பழைய விடைகளை அகற்றிவிட்டுப் புதியவற்றை நிரப்ப வேண்டும். முன்னாளில் இதற்காகப் பக்கம் முழுவதையும் சர்வருக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது வழக்கமாயிருந்தது. 2002-இல் வந்த ஏஎஸ்பி.நெட் இதற்கென ‘ஆட்டோபோஸ்ட்பேக்’ என்று ஓர் ஏற்பாட்டையே வைத்திருந்தது. மாநிலத்தைத் தொட்ட மாத்திரத்தில் திரை வெளுத்து, பக்கம் மீண்டும் வந்து நிற்கும்போது மற்றவை எல்லாம் எழுதியபடியே இருக்க, கடவுச்சொல் மட்டும் காணாமற்போயிருக்கும். பக்கத்தைக் கலைக்காமல் பின்னணியில் சர்வரோடு பேசும் வசதி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-உடன் வந்துவிட்டபோதிலும், 2005-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் அம்முறைக்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயர் சூட்டிய பிறகே ஊருலகம் அதைப் பரவலாகக் கண்டுகொண்டது.

பேச்சு வந்த பிறகு வதந்தியும் வந்தது. பழைய பழக்கத்தில் ஒருவர் திருநெல்வேலியைத் தொட்டுவிட்டு, தம் ஊர் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருப்பது நினைவுக்கு வர, அடுத்த நொடியே தென்காசிக்கு மாறுகிறார் என்க. அதற்குள் இரண்டு கேள்விகள் சர்வருக்குப் புறப்பட்டுவிட்டன. முதலில் கேட்டதற்கு முதலில் விடை வரும் என்று இணையம் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லையாதலால், தென்காசியின் வட்டங்கள் விரைந்து வந்து அமர்ந்த பின்னர், வழியில் தாமதித்த திருநெல்வேலியின் விடை வந்துசேர்ந்து, அவற்றைத் துடைத்துவிட்டுத் தன் வட்டங்களை நிரப்பிவிடுகிறது. மோர்ச்சோறு பிசையத் தொடங்கியவரின் இலையில், அவர் எப்போதோ கேட்ட சாம்பாரைக் கடமை தவறாத பரிமாறுபவர் ஓடிவந்து ஊற்றுவதற்கு இது நிகர். திரையில் மாவட்டம் தென்காசி. வட்டங்களோ அம்பாசமுத்திரம், நாங்குநேரி, இராதாபுரம். பிழைச்செய்தி ஏதும் எழாது. சங்கரன்கோவிலைத் தேடுபவர் முதலில் தம் கண்ணையும், பிறகு மாவட்டப் பிரிவினை அரசாணையையும் ஐயுறுவாரேயன்றி நிரலை ஐயுறமாட்டார்.

இந்நோய்க்குப் பிரவுசிங் சென்டர்களில் ஒரு கைமருந்து வழங்கிவருகிறது. “அண்ணாச்சி, ஒருவாட்டி சென்னைய அமுக்கிட்டு மறுபடி தென்காசிய அமுக்குங்க, வந்துரும்” என்பதே அது, வந்தும் விடுகிறது. தென்காசியிலிருந்து தென்காசிக்குச் செல்லச் சென்னை வழியாகச் சுற்றும் இம்மருத்துவம் மூடநம்பிக்கை போலத் தோன்றினும், ‘சேஞ்ச்’ அறிவிப்பு தேர்வு உண்மையிலேயே மாறினால் மட்டுமே எழும் என்பதும், தென்காசியின் மேல் மீண்டும் தென்காசியையே தொட்டால் உலாவி அசைந்துகொடுக்காது என்பதும் அதற்குரிய அறிவியல் அடிப்படைகளாகும். முறையான மருந்தும் பெரிய செலவு பிடிப்பதன்று. புதிய கேள்வி புறப்படும்போதே பழைய கேள்வியை ரத்து செய்யலாம். அல்லது வந்த விடை இந்த நொடியில் தாய்ப் பட்டியல் காட்டும் மாவட்டத்துக்கு உரியதுதானா என்று பார்த்து, அல்லாததைக் கீழே போட்டுவிடலாம். சில வரிகளில் முடியும் இவ்வேலை பல படிவங்களில் நடவாதிருப்பதற்கு, நிரலரின் மேசையில் இணையம் எப்போதும் விரைவாக இருப்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

சுட்டியின் சக்கரம் தனித்ததொரு வில்லன். பக்கத்தைக் கீழே நகர்த்தும் நோக்கத்தோடு அதை உருட்டினால், சில உலாவிகளில் சற்றுமுன் தொட்ட பட்டியலே உருளத் தொடங்கி, விண்ணப்பதாரர் தமிழ்நாட்டிலிருந்து தெலங்கானாவுக்குக் குடிபெயர்ந்துவிடுவார். மாவட்டமும் வட்டமும் கிராமமும் அக்கணமே வெறுமையாகும்.

பெயரை நம்பி உறவு கொண்டாடக்கூடாது என்பது இத்துறையின் பாலபாடம். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் என்று ஒரு வட்டம் உண்டு. 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்திலும் அதே பெயரில் ஒரு வட்டம் உண்டு. பிலாஸ்பூர் மாவட்டம் இமாசலப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும், ஹமீர்பூர் மாவட்டம் இமாசலத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இருக்கின்றன. ஆதலின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் தாயின் எண்ணையும் பக்கத்தில் எழுதிவைத்து, மனிதக் கண்ணுக்குப் பெயரையும் சர்வருக்கு எண்ணையும் காட்டுவதே ஏற்ற முறையாகக் கொள்ளப்படுகிறது.

வரிசை இன்னொரு தொல்லை. பல படிவங்களில் மாவட்டங்கள் ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கப்பட்ட பின்னர் பெயர்கள் மட்டும் தமிழில் மாற்றப்பட்டிருப்பதால் அரியலூர், செங்கல்பட்டு, சென்னை, கோயம்புத்தூர், கடலூர், தருமபுரி, திண்டுக்கல், ஈரோடு என்றொரு புதிய அகராதி தோன்றியுள்ளது. இதைத் திருத்தப் புகுந்து கணினியின் குறியெண் வரிசையிலேயே அடுக்கினால், யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பதால், கன்னியாகுமரி கரூரைத் தாண்டிக் கடலூருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 38 மாவட்டங்களுள் ஏழு ‘திரு’ என்று தொடங்குவதால், எந்த வரிசையில் வைத்தாலும் அவ்விடத்தில் விரல் சற்றுத் தடுமாறவே செய்யும்.

இவையெல்லாம் நிரலின் குறைகள், திருத்தக்கூடியவை. சார்புப் பட்டியலின் ஆழ்ந்த குறை அதன் தத்துவத்திலேயே இருக்கிறது: ஒரு சேய்க்கு ஒரே தாய், அத்தாயும் என்றென்றைக்கும் அவளே என்று அது நம்புகிறது. அரசாணைகளோ அவ்வாறு நம்புவதில்லை. அரியலூரில் 1990-இல் பிறந்து, வீட்டைவிட்டு எங்கும் குடிபோகாத ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். பிறந்தபோது அவர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தவர். 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்தவர். 2001-இல் அரியலூர் மாவட்டத்தவர். அம்மாவட்டம் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டதால் 2002-இல் மறுபடியும் பெரம்பலூர் மாவட்டத்தவர். 2007 முதல் மறுபடியும் அரியலூர் மாவட்டத்தவர். ‘பிறந்த மாவட்டம்’ என்னும் கட்டத்தில் அவர் சான்றிதழைப் பார்த்துத் திருச்சிராப்பள்ளியைத் தேர்ந்தெடுத்தால், வட்டப் பட்டியலில் அரியலூர் இராது. அரியலூர் வட்டம் இருக்கும் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், சான்றிதழோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவரும். 1997-இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்கள் நீக்கப்பட்டதற்கு முன்னர் விருதுநகரிலும் தூத்துக்குடியிலும் பிறந்தவர்கள் கையில் காமராசர் மாவட்டம் என்றும் சிதம்பரனார் மாவட்டம் என்றும் எழுதப்பட்ட தாள்கள் இருக்கும். அவற்றைத் தேடிப் பட்டியலை மேலும் கீழும் உருட்டுவது வீண்வேலை.

செங்கோட்டைக்காரரின் நிலை இன்னும் சிக்கலானது; அவருக்குத் தாய் மட்டுமன்றிப் பாட்டியும் மாறியிருக்கிறாள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து, அன்று சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்து, 1969-இல் அம்மாநிலம் தமிழ்நாடு என்று பெயர்பெற்று, 2019-இல் தென்காசி மாவட்டம் ஆயிற்று. அவ்வூரில் 1950-இல் பிறந்த முதியவர் ‘பிறந்த மாநிலம்’ என்னும் முதற்கட்டத்திலேயே திகைத்து நிற்க நேர்வதால், கீழேயுள்ள மூன்று கட்டங்களும் அவருக்காகத் திறப்பதே இல்லை. ஒவ்வோர் உறவுக்கும் பக்கத்தில் ‘இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை’ என்று இரண்டு தேதிகளைச் சேர்த்துவைத்து, பிறந்த தேதியை முதலில் கேட்டுவிட்டால் இத்துயரம் தீரும். ஆனால் பல படிவங்கள் அவ்வாறு செய்யாமல், பட்டியலின் கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு விடையை வைத்து நிறைவடைகின்றன. அதைத் தேர்ந்தெடுத்தால் சேய்ப் பட்டியலில் விரிவதும் ‘மற்றவை’யே.

பட்டியலே வேண்டாம், அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்டால் மாநிலமும் மாவட்டமும் தாமே நிரம்பிக்கொள்ளும் என்பது சீர்திருத்தவாதிகளின் கட்சி. 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஆறிலக்க எண் கடிதம் செல்லும் வழியைச் சொல்வதற்காகத் தோன்றியதேயன்றி, வருவாய்த் துறையின் எல்லைக்கோட்டைச் சொல்வதற்காக அன்று. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நான்கு மாவட்டங்களுள் ஒன்றாகிய ஏனாம் கோதாவரிக் கரையில் ஆந்திரத்தால் சூழப்பட்டுக் கிடப்பதால், அதன் எண் ஆந்திரத்துக்குரிய 533 என்று தொடங்குகிறது. எண்ணின் முதல் இலக்கங்களை மட்டும் நம்பும் படிவத்தில் ஏனாம்காரர் அதை இட்டவுடன், மாநிலக் கட்டத்தில் ஆந்திரப் பிரதேசம் என்று தானே நிரம்பும். விண்ணப்பதாரர் கைபட்டுத் தவறு நேர்ந்துவிடக்கூடாது என்னும் நல்லெண்ணத்தில் அக்கட்டம் பூட்டியும் வைக்கப்பட்டிருக்கும்.