ஓட்டுநர் சீட் காலி, கேஸ் யார் மேல்?

கேள்வி: டிரைவரே இல்லாத டாக்சி யாரையாவது இடித்துவிட்டால் போலீஸ் யாரைப் பிடிக்கும்?

பதில்: கைக்கு அகப்பட்டவரை! 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், ஊபர் சோதனைக்கு விட்ட தானோட்டிக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதிக் கொன்றது. மோதுவதற்கு ஐந்தரை நொடி முன்பே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால், ‘வண்டியா, சைக்கிளா, வேறேதாவதா?’ என்று கம்ப்யூட்டர் தனக்குள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த வால்வோ காரோடு வந்த அவசர பிரேக்கையும் ஊபரே அணைத்து வைத்திருந்தது. சரி, கேஸ்? ஊபர்மேல் கிரிமினல் குற்றம் இல்லை என்றது அரசுத் தரப்பு. கண்காணிக்க உட்கார்ந்திருந்த ஊழியர்தான் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு ஆளானார். (செல்போனில் டி.வி. ஓடிக்கொண்டிருந்ததாம்.)

இப்போது அந்த சீட்டிலும் ஆள் இல்லை. 2025-ல் கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில், குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்க நின்ற போலீஸ், தப்பாக யு-டர்ன் அடித்த, வேமோ நிறுவனத்தின் ஆளில்லா டாக்சியை மடக்கியது. யார் பேரில் சீட்டு எழுதுவது? கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு வண்டியை விட்டுவிட்டார்கள்! 2026 ஜூலை முதல் நிறுவனத்துக்கே நோட்டீஸ் கொடுக்க அந்த மாநிலச் சட்டம் வழிசெய்திருக்கிறது. கவனிக்க: நோட்டீஸ்தான், அபராதச் சீட்டு அல்ல.