பதின்மூன்று பாட்டிலும் அவர் எழுத்து

கே: 72 வயதில் ஒரு பாடகி புது ஆல்பம் போட்டால், பழைய பெயருக்காகத்தானே வாங்குவார்கள்?

ப: கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னின் ‘வேன் லியர் ரோஸ்’ (2004) கேட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். பழைய ஹிட்டுகளைத் தூசு தட்டிப் போட்டதல்ல அது. 13 பாட்டிலும் அவர் எழுத்து.

கே: வேன் லியர் யார்?

ப: ஆளில்லை, ஊர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு காலத்து நிலக்கரிச் சுரங்க ஊர். லொரெட்டா பிறந்த புட்சர் ஹாலோ அதன் பக்கத்தில்தான். ரோஜா, அவருடைய அம்மா. ஊரே கண் வைத்திருந்த அழகி ஓர் ஏழைச் சுரங்கத் தொழிலாளியைக் கைப்பிடித்த கதைதான் தலைப்புப் பாட்டு. 1970இல் ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ பாடி அப்பாவைப் பெருமைப்படுத்தியவர், 34 ஆண்டு கழித்து அம்மாவுக்கும் மாலை போட்டார்.

கே: ராக் பாடகர் ஜாக் ஒயிட்டுக்கு இங்கே என்ன வேலை?

ப: அவர்தான் தயாரிப்பாளர். அப்போது 28 வயது. 2001இல் தன் ‘ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்’ குழுவின் ஆல்பத்தையே லொரெட்டாவுக்குச் சமர்ப்பித்த ரசிகர். கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில்லின் வழக்கமான மெருகைத் தள்ளிவைத்தார். கிடார் கரகரக்கும், டிரம்ஸ் அதிரும், குரல் மட்டும் தெளிவாக முன்னால் நிற்கும். ‘லிட்டில் ரெட் ஷூஸ்’ஸில் லொரெட்டா பாடவே இல்லை; சின்ன வயதுக் கதை ஒன்றைப் பேசுகிறார், பின்னால் இசை ஓடுகிறது. அவர் பேச்சே பாட்டுத்தான் என்று கண்டுகொண்ட காது ஜாக்குடையது.

கே: அந்த வயதில் காதல் பாட்டெல்லாம் தேவையா?

ப: காதலுக்கு ஓய்வு வயது வைத்தது யார்? ஜாக்கோடு சேர்ந்து பாடிய ‘போர்ட்லண்ட், ஓரிகன்’ மதுவிடுதியில் முளைக்கும் காதல். ‘மிஸ் பீயிங் மிஸ்ஸஸ்’ஸோ கணவனை இழந்தவளின் தனிமை. லொரெட்டாவின் கணவர் 1996இல் காலமானார். கணவர் குடித்ததையும் தன்னை ஏமாற்றியதையும் மறைக்காமல் கோபத்தோடு பாடியவர், அவர் இல்லாத வெறுமையையும் மறைக்கவில்லை. அந்தக் கோபம் உண்மை என்பதால் இந்த ஏக்கமும் உண்மையாகக் கேட்கிறது.

கே: வானொலிகள் கொண்டாடினவா?

ப: கன்ட்ரி வானொலிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு இது பழகிய கதவடைப்பு. 1975இல் கருத்தடை மாத்திரையைப் பற்றி ‘தி பில்’ பாடியபோது பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன; ஆனாலும் பாட்டு ஹிட்டானது. இந்த ஆல்பத்துக்கு 2005இல் இரண்டு கிராமி: சிறந்த கன்ட்ரி ஆல்பம் ஒன்று, ‘போர்ட்லண்ட்’ இணைப்பாடலுக்கு ஒன்று.

கே: முதலில் எந்தப் பாட்டைக் கேட்கலாம்?

ப: கடைசிப் பாட்டை. ‘ஸ்டோரி ஆஃப் மை லைஃப்’. இளவயதுக் கல்யாணம், பிள்ளைகள், புகழ் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவர் வாழ்க்கையை 1980இல் ஹாலிவுட் படமாக எடுத்தது. லொரெட்டாவாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் படத்தின் வசூலைப் பற்றியும் பாட்டில் ஒரு கேள்வி கேட்கிறார். தன் கதையின் கணக்கைத் தானே பார்க்கும் பெண்ணுக்கு 72 வயது ஒரு தடையே இல்லை.