எந்த மசாஜ் யாருக்கு?

கேள்வி: நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்தும் தோளும் இறுகிவிட்டன. தாய் மசாஜா, எண்ணெய் மசாஜா?

பதில்: இறுக்கம் விட வேண்டுமென்றால் தாய் மசாஜ். எண்ணெய் கிடையாது. தொளதொள உடையோடு பாயில் படுத்தால் போதும். உள்ளங்கை, முழங்கை, முட்டி எல்லாவற்றாலும் அழுத்தி, கைகாலை மடக்கி இழுப்பார்கள். நமக்குப் பதிலாக இன்னொருவர் யோகாசனம் செய்வது போல! 2019-ல் யுனெஸ்கோவே பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்த கலை இது. வலித்தால் பல்லைக் கடிக்காதீர்கள், “மெதுவா” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனம் அலுத்து தூக்கம் வராதவருக்கு, வெதுவெதுப்பான எண்ணெயை நீளமாகத் தடவும் அப்யங்கம் சுகம். கை மரத்துப்போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ யாரையும் தொடவிடாதீர்கள். கால் வீக்கம் ரத்தக்கட்டியாக இருக்கலாம். எதுவானாலும் முதலில் டாக்டர்.