காய்ச்சல்னு எழுதிக்கோ

வெள்ளைக்காரன் ஆட்சியில், மதராஸ் மாகாணத்துக் கிராமத்தில் ஒருவர் செத்தால், எதனால் செத்தார் என்று முடிவு கட்டியவர் பெரும்பாலும் டாக்டர் இல்லை, கிராம முன்சீப். அவர் கையில் இருந்த பட்டியலும் சின்னது: காலரா, பெரியம்மை, பேதி, காயம், காய்ச்சல், இதர. உடம்பு சுட்டதா? காய்ச்சல். சுட்டதா இல்லையா என்று யாருக்கும் ஞாபகம் இல்லையா? அதுவும் காய்ச்சல்தான். வரி வசூலிக்க வேண்டிய மனுஷன் பிணத்துக்கு நாடி பார்த்துக்கொண்டா இருப்பார்? வருஷக் கடைசியில் சர்க்கார் அறிக்கையைப் புரட்டினால், தேசமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும்.

இங்கே இந்தக் கூத்து நடக்க, பாரிஸ் நகரப் புள்ளிவிவர அதிகாரி ஜாக் பெர்ட்டியோன் 1893-ல் உலகத்துக்கே பொதுவாக ஒரு சாவுப் பட்டியல் போட்டார். விரிவான பட்டியலில் 161 தலைப்புகள். வகைபிரிப்பது குடும்ப வியாதி போலிருக்கிறது. தம்பி அல்போன்ஸ், திருடர்களின் காதையும் விரலையும் அளந்து அட்டை போட்டவர். நம்ம சென்னை ராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பழைய ஜெயில் ரோட்டில் இருப்பது தெரிந்தால் இரண்டு பேருமே குஷியாகியிருப்பார்கள்.

ஆனால் சித்த மருத்துவ மரபுப்படி, யூகி முனிவர் எப்போதோ 4448 நோய்களை எண்ணி முடித்தாயிற்று. 161-ஐப் பார்த்திருந்தால், "மிச்சம் எங்கேப்பா?" என்றுதான் கேட்டிருப்பார்.

ராயபுரத்து ஆஸ்பத்திரியின் கதை வேறு. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம், 1799-ல் ஆஸ்பத்திரி கண்டு, பிறகு மருத்துவப் பள்ளியாகி, 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. கவர்னர் பேரை வைத்தாலும் ஜனங்களுக்கு அது கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான். அங்கே படிக்கும் பையன் நோய்ப் பெயர்களை இங்கிலீஷிலும் லத்தீனிலும் உருப்போட்டு ஓ.பி.யில் உட்கார்ந்தால், எதிரே ஹார்பர் கூலி: "அடிச்சிப் போட்டா மாரி கீது டாக்டரே!" எந்தப் புத்தகத்தில் தேடுவான், பாவம்? 1948-ல் பட்டியலைக் கையில் எடுத்த உலக சுகாதார நிறுவனம், அதன் பத்தாம் பதிப்பில் இதற்கும் ஒரு கோடு (குறியீட்டு எண்) வைத்து மானத்தைக் காப்பாற்றியது: ஆர்53, சோர்வு.

அமெரிக்காக்காரன் சும்மா இருப்பானா? 2015 அக்டோபரில் அவன் நடைமுறைக்குக் கொண்டுவந்த பட்டியலில் ஏறக்குறைய 70,000 கோடு. நீர்ச்சறுக்குப் பலகை தீப்பிடித்துச் சுட்டால்கூடத் தனிக் கோடு உண்டு! அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக அதையெல்லாம் தேடிப் போடும் மெடிக்கல் கோடிங் வேலை சென்னையில் ஜோராக நடக்கிறது. 2024 ஜனவரியில் சித்த மருத்துவ நோய்களும் உலகப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் சேர்ந்தன.

கோடு எத்தனை ஆயிரம் வந்தாலும், முதலில் எழுதும் கை முன்சீப் கை மாதிரி இருந்தால் ஒன்றும் நடக்காது. இன்றும் சாவுக் காரணம் எழுதும் நான்காம் படிவத்தில் 'இதயம் நின்றுவிட்டது' என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிற டாக்டர்கள் உண்டு. செத்தவன் எவனுக்கு ஐயா இதயம் ஓடும்? 2023 சட்டத் திருத்தப்படி அந்தச் சான்றின் நகல் நெருங்கிய உறவினருக்குத் தரப்பட வேண்டும். கேட்டு வாங்குங்கள், இதயம் ஏன் நின்றது என்றும் கேளுங்கள்.