சொல்தா வீட்டு டிவியில் படம் வரவழைக்கும் முறை

முதலில் உங்கள் பழைய டிவி எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள். டயனோராவோ சாலிடேரோ என்றால் உங்களுக்கு வேலை பாதிதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்துப் பென்ஷனோடு புதுச்சேரி திரும்பிய ஒரு சொல்தா அங்கிருந்தே கொண்டுவந்த பெட்டி என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

எங்கள் தாத்தா கொண்டுவந்தது அந்த ஜாதிதான். இந்த மண்ணில் அது ஒரு நாளும் ஒரு நிகழ்ச்சியைக்கூட உருப்படியாகக் காட்டியதில்லை. 1967இல் கலருக்கு வந்த பிரான்ஸ், செகாம் என்று சொந்தமாக ஒரு முறை வைத்துக்கொண்டது. 1982இல் கலருக்கு வந்த இந்தியாவோ ஜெர்மனியில் பிறந்த பால் முறையை எடுத்துக்கொண்டது. (குடிக்கிற பால் இல்லை, ஆனாலும் தாத்தா டிவிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.) கலர் மட்டும்தான் தகராறு என்றால் கறுப்பு வெள்ளையிலாவது பார்த்திருக்கலாம். அன்றைய பிரெஞ்சு ஒளிபரப்பில் படத்தில் வெளிச்சம் கூடினால் சிக்னலும் கூடும். நம் தூர்தர்ஷனில் வெளிச்சம் கூடினால் சிக்னல் குறையும். ஒலியும் அங்கே ஏ.எம்., இங்கே எஃப்.எம். ஆகவே செய்தி வாசிப்பவர் போட்டோ நெகட்டிவ் மாதிரி உருண்டுகொண்டே இருந்தார், வாயிலிருந்து வண்டுச் சத்தம் வந்தது. தாத்தா தன் பெட்டியை விட்டுக்கொடுப்பாரா? "சிக்னல் மதராஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள களைச்சுப் போவுது" என்று சொல்லி ஆன்டெனாக் குழாயை இன்னும் பத்தடி உயர்த்தினார். காக்கைகளுக்கு நல்ல வசதி.

பிறகு அந்த டிவி, பின்னல் துணி விரித்து மாதா சொரூபம் வைக்கிற மேடையாயிற்று.

இப்போது அந்த ஆன்டெனாவை நம்பிப் பயனில்லை. எல்லையோரம் போன்ற இடங்களில் ஐம்பது சொச்சத்தை விட்டுவிட்டு, தூர்தர்ஷன் தன் அனலாக் டவர்களை 2022 மார்ச்சுக்குள் அணைத்துவிட்டது. உங்களுக்கு வேண்டியது மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்ததுதான் இது. கட்டணச் சேனல் எதுவும் வராது என்பதை வீட்டுப் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் எங்கள் ஆயாவிடம் சொல்லவில்லை.

டிஷ் மாட்ட ஆள் வருவார். சாட்டிலைட் கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. புதுச்சேரியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய தென்கிழக்கு, அதாவது அக்னி மூலை. வாஸ்து தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கு வருவது இந்தக் கட்டத்தில்தான். அவருக்கு ஒரு காபி கொடுத்து, கீழே அனுப்பிவிட்டு, டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். கீழிருந்து ஒருவர் "வந்துச்சு, வந்துச்சு… போச்சு" என்று கத்த வேண்டும். டிஜிட்டல் வந்தும் இந்த உத்தியோகம் ஒழியவில்லை. கடற்காற்றில் ஆணியெல்லாம் துருப்பிடிக்கும், மழை வலுத்தால் படம் கட்டம் கட்டமாக உதிரும். ஐப்பசி, கார்த்திகையில் சீரியல் முடிவை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, டிஷ்ஷின் செட்டாப் பாக்ஸை டிவியோடு சேர்ப்பது. சாலிடேர்க்காரர்களே, உங்கள் டிவியில் ஆன்டெனா ஓட்டை மட்டும் இருந்தால் நடுவில் ஒரு மாடுலேட்டர் வேண்டும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் தேடிப்பாருங்கள். கிடைக்காவிட்டாலும் பழைய இஸ்திரிப்பெட்டி ஒன்றோடு திரும்புவீர்கள்.

சொல்தா டிவிக்காரர்கள் பின்பக்கம் தடவுங்கள். கைக்கு அகலமாக, சீப்பு மாதிரி 21 முனையோடு ஒன்று தட்டுப்படும். அதற்குப் பெயர் பெரிடெல். பிரான்சில் விற்கும் டிவியிலெல்லாம் அது இருந்தே ஆக வேண்டும் என்று 1980களில் சட்டம் இருந்தது. செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை அதில் சொருக ஓர் அடாப்டர் உண்டு. அதன் முதுகில் உள்ளே, வெளியே என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். நான் இரண்டு நாள் அது வெளியே பக்கம் இருப்பதைக் கவனிக்காமல் டிவியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்காகப் பின்மூடியைக் கழற்றிவிடாதீர்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் படம் வரும், கறுப்பு வெள்ளையில். டவரிலிருந்து வந்த தலைகீழ்ச் சிக்னலும் ஒலித் தகராறும் இந்த வயரில் கிடையாது. மிச்சம் இருப்பது செகாம், பால் கலர் சண்டை மட்டும். அதைத் தீர்க்கவும் ஒரு கன்வெர்ட்டர் உண்டு. விலையைக் கேட்டேன். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் நேரு வீதியில் புது டிவியே வாங்கலாம் என்று தோன்றியதால் ஆயாவிடம் மூச்சு விடவில்லை.

ஆயா மாதாவைக் கும்பிட்டு அலமாரிக்கு மாற்றிவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்தாள். டிடி தமிழில் யாரோ நெல் நடவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முகம் உருளவில்லை.

"இது எங்கேர்ந்துடா வருது?"

"மேல சாட்டிலைட்லேர்ந்து ஆயா. 36,000 கிலோமீட்டர்."

ஆயா சுவரில் இருந்த தாத்தா படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது களைக்கல. மதராஸ்லேர்ந்து வர்றதுதான் களைச்சுப் போச்சாம்."