கேமரன் மலைக் குளிர்மாதம்: ஈர ஜீன்ஸ், மழைநேரத்துச் சீரியல், காணாமற்போன இரண்டாம் பாகம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மலேசிய வானிலைத் துறையின் கணக்கில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. தென்மேற்குப் பருவமழை உண்டு, வடகிழக்குப் பருவமழை உண்டு, இரண்டுக்கும் நடுவே காற்று என்ன செய்வதென்று தெரியாமல் திசை மாறித் திரியும் சில வாரங்கள் உண்டு. ஆனால் பகாங் மாநிலத்தின் மேற்கு மூலையில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில், டிசம்பர் பிறந்த சில நாள்களுக்குள் "குளிர் மாசம் வந்துருச்சு" என்று ஓர் அறிவிப்பு வெளியாகிவிடும். அறிவிப்பவர் அம்மா. அரசாங்கத் துறைக்கும் அம்மாவுக்கும் இடையிலான இந்தக் கருத்து வேறுபாட்டை யாராவது ஆராயத்தான் வேண்டும்.

முதலில் துறையின் தரப்பு. கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு நாலரை டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அங்கே அரை மணி நேரந்தான் வித்தியாசம். டிசம்பரின் சராசரி வெப்பத்தையும் மே மாதத்துச் சராசரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும். பகலில் 22, 23. இரவில் 15ஐ ஒட்டி. அங்கே பதிவானதிலேயே மிகக் குறைந்த அளவு 7.8 டிகிரி செல்சியஸ். நாள் 1978 பிப்ரவரி 1. ஜனவரியில் புல்லில் உறைபனியைப் பார்க்கும் ஊட்டிக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்க உட்கார்ந்துவிடுவார்.

தேயிலைச் செடியும் துறையின் கட்சிதான். அஸ்ஸாமில் பகல் பொழுது பதினொன்றே கால் மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் செடி கொழுந்து விடுவதை நிறுத்திக்கொண்டு உறங்கப் போய்விடும். கேமரனில் அந்தப் பேச்சே இல்லை. இலங்கைத் தோட்டங்களில் தொழில் கற்ற ஏ.பி. மில்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். அன்றிலிருந்து அந்த மலையில் செடிக்கு லீவு கிடையாது. ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து; டிசம்பரிலும் கொழுந்து. அப்படியானால் செடிக்கே தெரியாத குளிர்காலம் அம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

விடை கொடியில் தொங்குகிறது.

அம்மாவின் கருவி வெப்பமானி அல்ல, ஜீன்ஸ். வடகிழக்குப் பருவத்தில் ஆசியாவின் வடகோடிக் குளிர்காற்று தென்சீனக் கடலைத் தாண்டிப் பெருகி வரும்போது, மலைமேல் மேகம் பகலெல்லாம் படுத்துக்கொள்ளும். வெயில் எட்டிப் பார்க்காததால் பகல் வெப்பம் ஏறுவதில்லை. காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருக்கிறது. துவைத்த சட்டை ஒரு நாளில் ஒப்புக்குக் காயும். ஜீன்ஸ் காயாது. வாசல் கொடியிலிருந்து அடுப்படிக் கொடிக்கு, அங்கிருந்து ஐஸ்பெட்டியின் முதுகுக்கு என்று மூன்று நாள் ஊர்வலம் போகும். மூன்றாம் நாள் அம்மா அதன் இடுப்புப் பட்டியைத் தூக்கிக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, "இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்பார். குளிர்மாதம் சட்டப்படி தொடங்குவது அந்த நொடியில்தான். பாதரசம் பாதாளத்துக்கு இறங்கும் இரவுகள் பெரும்பாலும் வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும் இரவுகள். தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். ஆனால் மறுநாள் பளீரென்று வெயில் அடித்துத் துணி மொடமொடவென்று காய்ந்துவிடும். ஆகவே 1978-இன் அந்தச் சாதனைக் குளிரை அம்மாவின் நெறிமுறைப்படி குளிர் என்றே கொள்ள முடியாது.

இலக்கணச் சான்றும் அம்மாவின் பக்கமே இருக்கிறது. தொல்காப்பியம் மலையையும் மலை சார்ந்த நிலத்தையும் குறிஞ்சி என்று வகுத்து, அதற்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகத் தருகிறது. அதாவது ஐப்பசி முதல் தை வரை. தெய்வம் சேயோனாகிய முருகன், கேமரனின் பிரிஞ்சாங்கில் முருகன் கோயில் இருக்கிறது, ஆக அதுவும் சரி. தொழில் தினைப்புனம் காப்பது, தேன் எடுப்பது. இங்கே கொழுந்து எடுப்பது என்று திருத்திக்கொண்டால் குறையில்லை. சிறுபொழுது யாமம், நள்ளிரவு. இந்த யாமத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், சென்னைச் சீரியல் வரும்போது தேவைப்படும். இடறுவது ஒரே இடத்தில்தான்: குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். தலைவனும் தலைவியும் சுனையருகே சந்திப்பதை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. குளிர்மாதத்துக் கேமரனில் சந்திப்பது ஈப்போவில் வேலை பார்க்கும் மகனும், கோலாலம்பூரில் இருக்கும் மகளும், அவர்கள் பிள்ளைகளும், ஒரே ஒரு ஹாலும்.

ஏன் டிசம்பரில் சந்திக்கிறார்கள் என்பதற்குக் காரணம் கல்வி அமைச்சு. பல ஆண்டுகளாக மலேசியப் பள்ளி ஆண்டு ஜனவரியில் பிறந்து நவம்பரில் முடிந்தது. டிசம்பர் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில். கோவிட் வந்து அட்டவணையைக் குலைத்ததில் 2022-ல் பள்ளி மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. கொஞ்ச காலம் குளிர்மாதம் பேரப்பிள்ளைகள் இல்லாமல், கணவரையும் பூனையையும் வைத்துக்கொண்டே நடந்தது. 2026-ல் பள்ளித் திறப்பு ஜனவரிக்கே திரும்பியது. இந்தத் தகவல் அரசு வெளியீடுகளில் கல்விச் சீர்திருத்தம் என்ற தலைப்பில் கிடைக்கும். தோட்டத்து வீடுகளில் கம்பளிப் பற்றாக்குறை என்ற தலைப்பில் கிடைக்கும்.

வருகிறவர்கள் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ மலையேறுகிறார்கள். விடுமுறைக் காலத்தில் அதே சாலையில் ஸ்ட்ராபெரி பார்க்கப் போகிறவர்களின் காடிகள் வரிசை கட்டி நிற்பதால், "ரிங்லெட் வந்துட்டோம்மா" என்ற தொலைபேசிச் செய்திக்கும் ஆள் வந்து சேர்வதற்கும் இடையே குழம்பு மூன்று முறை சூடாகும். வந்ததும் அம்மா கேட்பது "பசியாறிட்டீங்களா?", பதில் எதுவானாலும் தட்டு வரும்.

இங்கே இயற்பியல் ஒரு குடும்பப் பிரச்சினையில் தலையிடுகிறது. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரிஞ்சாங் பக்கம் இன்னும் சற்று முன்னதாகவே. கொதிக்கிற தண்ணீர் அதற்குமேல் சூடாவதில்லை, ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆகும். கோலாலம்பூரிலிருந்து வந்த மருமகள் சமவெளிக் கணக்கில் இறக்கி வைத்த பருப்பு விரலில் நெருடுவதற்கு முழுப்பொறுப்பு வளிமண்டல அழுத்தமே. ஆனால் "என்னம்மா, பருப்பு கல்லாட்டம் இருக்கு?" என்ற கேள்விக்கு வளிமண்டல அழுத்தத்தைப் பதிலாகச் சொல்லித் தப்பித்த மருமகள் எவரும் இல்லை. குக்கர் வந்து பல குடும்பங்களைக் காப்பாற்றியது.

இனி தொலைக்காட்சி. மலேசியாவில் அது பிறந்தது 1963 டிசம்பர் 28. வண்ணம் பூசிக்கொண்டது 1978 டிசம்பர் 28. இரண்டும் மார்கழி. குளிர்மாதத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பிறவித் தொடர்பு உண்டு என்று நிறுவ இது போதும். போதாது என்பவர்கள் பொறாமைக்காரர்கள். அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் வரும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டில் பெட்டி இருந்ததோ அந்த வீட்டு வாசலில் செருப்புக் குவியும். 1996-ல் செயற்கைக்கோள் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோ வந்து கூரைக்குக் கூரை தட்டு முளைத்தபின் செருப்புகள் கலைந்தன. அடுத்த சில ஆண்டுகளில் 'சித்தி' சீரியல் வந்தது. 'கோலங்கள்' 2003-ல் தொடங்கி 2009 வரை 1,500 பகுதிகளுக்குமேல் ஓடியது. அதாவது ஆறு குளிர்மாதங்கள் முழுசாக.

ஆஸ்ட்ரோ தட்டில்தான் இந்த ஆராய்ச்சியின் முதன்மைச் சான்று இருக்கிறது. மீசாட் செயற்கைக்கோள் மலேசியாவுக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்பதால், அங்கே தட்டுகள் மற்ற நாடுகளில் உள்ளதைவிட அதிகமாக வானத்தை அண்ணாந்து பார்க்கும். மழைநீர் பிடிக்க வைத்த கிண்ணம் என்றே புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். சிக்னல் வரும் கேயூ அலைவரிசையின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் சுற்றளவில். கனமழைத் துளிகள் இந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் வல்லவை. மூடுபனியின் நுண்துளிகளால் அது ஆகாது. பனிமேல் பழி போடுவது அபாண்டம். ஆக, குளிர்மாதத்து இரவில் சீரியல் மாமியார் மருமகளிடம் அந்த உண்மையைச் சொல்ல வாயெடுக்கும் கட்டத்தில் வெளியே மழை வலுக்கிறது, திரை நீலமாகிறது, "ஆஸ்ட்ரோ போச்சு!" என்ற ஓலம் லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நேரத்தில் எழுகிறது. மழை பெய்வதை ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் தோட்டத்தில் எவருக்கும் இல்லை.

மறுநாள் நடப்பது தூய பதிப்பியல். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன் ஊர் ஊராக ஏடு தேடி ஒப்புநோக்கினார். அம்மா வேலியோரம் நின்று ஒப்புநோக்குகிறார். மேல் லயத்து அக்கா வீட்டில் சிக்னல் இரண்டு நிமிடம் தாமதமாகப் போயிருக்கும். அவர் ஏட்டில் மாமியார் "அந்தப் பிள்ளை உன்னோடது இல்ல" என்கிறார். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வீட்டில் படம் போய்ச் சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கும், அந்த ஏட்டில் "அந்த வீடு உன்னோடது இல்ல." பிள்ளையா, வீடா? பொருட்பொருத்தம் பார்த்து, முந்தைய வாரத்து நிகழ்ச்சிகளை மேற்கோள் காட்டி, 'வீடு' என்பது பிற்சேர்க்கை என்று அம்மா தீர்ப்பளிப்பார். காணாத காட்சியைக் கண்ட காட்சியைவிடச் சுவையாகச் சொல்லும் வழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. கைப்பேசியில் விட்ட பகுதியைத் தேடி எடுத்துக் கொடுக்கும் பேரனை அம்மா சந்தேகத்தோடு பார்ப்பதற்கும் காரணம் இதுவே. மூலம் கிடைத்துவிட்டால் உரையாசிரியருக்கு என்ன வேலை?

யாமம் இப்போது வருகிறது. இந்தியாவைவிட மலேசியக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தியது. 1982 ஜனவரி 1 வரை இரண்டே மணி நேரந்தான். அன்று சபா, சரவாக்கோடு ஒத்துப்போகத் தீபகற்பம் அரை மணி முன்னே நகர்ந்தது. விளைவு இரண்டு. ஜனவரியில் சூரியன் ஏழேகாலுக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது; காலை ஆள்கணக்கான பெரட்டுக்குப் போகிறவர்கள் இருட்டோடு எழுந்தாக வேண்டும். இன்னொன்று, சென்னையில் ஒன்பதரை மணிச் சீரியல் என்றால் கேமரனில் சரியாக நள்ளிரவு பன்னிரண்டு. சிறுபொழுது யாமம் என்று இலக்கணம் வகுத்தது சும்மா இல்லை.

ரிமோட் பற்றி ஒரு பத்தி தவிர்க்க முடியாதது. 1967 மார்ச் 26 அன்று தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவில்லை. படை வந்தது, ஓராங் அஸ்லி வழிகாட்டிகள் வந்தார்கள், ஆரூடக்காரர்களும் வந்தார்கள்; இன்றுவரை துப்பு இல்லை. அந்த மலையில் அதற்குப் பிறகு காணாமற்போன எல்லா ரிமோட்டும் அம்மாவின் கம்பளிக்கு உள்ளேயே கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன.

படிப்புக்கு வந்தால், ஒரு விதி பளிச்சென்று தெரிகிறது: அம்மா படிக்கும் பக்கங்கள் மழையின் அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளன. ஆஸ்ட்ரோ போன மறு நிமிடம் தலையணை அடியிலிருந்து புத்தகம் வெளிவரும். முன்பு 'தமிழ் நேசன்' ஞாயிறு பதிப்பு இந்த இடத்தை நிரப்பியது; 1924-ல் பிறந்த அந்தத் தாள் 2019-ல் நின்றுபோனது. ரமணிசந்திரன் நாவல் ஒரு நல்ல மழைக்கு ஒன்று என்ற கணக்கில் தீரும். 'பொன்னியின் செல்வன்' தனி வகை. கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரவாரம் எழுதினார், ஐந்து பாகம். தோட்டத்தில் எந்த வீட்டிலும் ஐந்தும் சேர்ந்து இருந்ததில்லை. இரண்டாம் பாகம் எப்போதும் யாரோ இரவல் வாங்கிப் போன இடத்திலேயே இருக்கும். அதனால் அம்மாவின் நினைவில் வந்தியத்தேவன் ஒன்றாம் பாகத்து முடிவிலிருந்து நேரே மூன்றாம் பாகத்துக்கு எகிறிக் குதிக்கிறான். 2022-ல் மணிரத்னத்தின் படம் வந்தபோதுதான் இடையில் அவன் இலங்கைக்குப் போய்வந்த விவரம் பல அம்மாக்களுக்குத் தெரிந்தது. பக்க அடையாளத்துக்கு மின்சாரக் கட்டணச் சீட்டு. அது நாவலுக்குள் போனபின் கட்டணம் கட்டும் தேதியும் சோழர் காலத்துக்குப் போய்விடும்.

கேமரன் தேயிலைத் தோட்டத்தைக் களமாக வைத்து டான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 2012-ஆம் ஆண்டுக்கான மான் ஆசிய இலக்கியப் பரிசைப் பெற்றது. தலைப்பிலேயே மூடுபனி உண்டு. ஆனால் கதையின் பெரும்பகுதி 1950களில் நடப்பதால் சாட்டிலைட் தட்டு விஷயத்தில் நமக்கு அதனால் உதவியில்லை.

படிக்கும்போது கையில் தே இருந்தாக வேண்டும். சுற்றிலும் குன்று குன்றாகத் தேயிலை; சுற்றுலாக் கடைகளில் முழு இலையாக அழகான டப்பாவில் விற்கும். வீட்டில் கலக்குவது டஸ்ட். சலிப்பதில் கடைசியாக விழும் பொடி அது. துகள் சிறியது, சாயம் சீக்கிரம் இறங்கும், 95 டிகிரித் தண்ணீரோடு சண்டை போடாது. "வெள்ளக்காரன் இலைய குடிக்கட்டும், நமக்குச் சாயம் போதும்" என்று அம்மா சொல்வதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும்.

குளிர்மாதம் எப்போது முடிகிறது என்பதில் மட்டும் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. பொங்கலன்று முடிகிறது என்பது ஒரு கட்சி. தைப்பூசத்துக்குக் காவடி இறங்கியபின் என்பது இன்னொன்று. பேரப்பிள்ளைகளின் பள்ளி திறந்து, கடைசிக் காடி மலையிறங்கி, கூடுதல் கம்பளிகள் ஒரு நல்ல வெயிலில் காய்ந்து, பாச்சை உருண்டையோடு பெட்டிக்குள் போகும் நாள்தான் முடிவு என்பது மூன்றாம் கட்சி. அந்தக் கட்சியில் அம்மா ஒருவர்தான் உறுப்பினர். பெட்டிச் சாவியும் அவர் இடுப்பில் இருப்பதால், மற்ற இரு கட்சியினரும் ஸ்வெட்டரோடு காத்திருக்கிறார்கள்.