எல்.கே.ஜி. அப்பா

விஜயதசமி கழிந்து, தீபாவளிப் பட்டாசு வாசனை அடங்குவதற்குள் சென்னையில் ஓர் இனம் தலைகாட்டத் தொடங்கும். சனிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. கையில் பிளாஸ்டிக் ஃபைல்; அதற்குள் பிறப்புச் சான்றிதழின் ஏழெட்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, நான்கு பேருடைய ஆதார். பின்சீட்டில் மனைவி, அவர் மடியில் ஒன்றரை வயதுச் சின்னவள், பக்கத்தில் மூன்றரை வயதுப் பெரியவள். இவரை எல்.கே.ஜி. அப்பா என்று அழைக்கலாம். மென்பொருளோ வங்கியோ, மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆனால் பொங்கல்வரை அவருடைய உண்மையான உத்தியோகம் பள்ளி பார்ப்பதுதான். அதற்கென்றே ஓர் எக்செல் ஷீட் வைத்திருக்கிறார். பள்ளிகளின் பெயர் வரிசையாகக் கீழே இறங்க, பக்கவாட்டில் போர்டு, டொனேஷன், ஏசி, ஸ்மார்ட் போர்டு, நீச்சல் குளம், குதிரையேற்றம், சிசிடிவி, தூரம் என்று கட்டங்கள் நீள்கின்றன. தூரத்தை அவர் ஞாயிற்றுக்கிழமை காலை கூகுள் மேப்பில் பார்த்து, பன்னிரண்டு நிமிடம் என்று பச்சை வண்ணம் அடித்திருக்கிறார். திங்கட்கிழமை ஏழே முக்கால் மணிக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் வேளச்சேரியை விட்டே வெளியே வர முடியாது. அவருடைய உழைப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசலில் நின்றபடியே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்களுக்கு மட்டும்தான் அவருடைய ஷீட்டில் கட்டம் உண்டு. அந்த இரண்டு பெண்களும் உள்ளே போய் எட்டு மணி நேரம் எப்படி இருப்பார்கள் என்பதற்குக் கட்டமே இல்லை.

முதல் கட்டம் போர்டு. ஸ்டேட் போர்டு என்றால் முகம் சுளிப்பார். மெட்ரிக் என்றால் ‘பரவால்ல’ என்பார். சிபிஎஸ்இ என்றால் நிமிர்ந்து உட்காருவார். ஐபி, கேம்பிரிட்ஜ் என்றால் குரலைத் தாழ்த்தி ஃபீஸ் கேட்பார். 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்தபிறகு ஸ்டேட் போர்டுக்கும் மெட்ரிக்குக்கும் பத்தாம் வகுப்புவரை ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு. ‘மெட்ரிகுலேஷன்’ பெயர்ப்பலகையில் மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் அவர் பணம் கட்டுகிறார். சரி, சிபிஎஸ்இ? எல்.கே.ஜி.யில் சேரும் குழந்தை போர்டு தேர்வு எழுதப் பன்னிரண்டு வருடம் ஆகும். 2005இல் எல்.கே.ஜி. சேர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் சேர்ந்தபோது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கட்டாயம். அவள் நான்காம் வகுப்பில் இருக்கையில், அதே பள்ளியில் மேலே படிப்பவர்களுக்கு அது விருப்பத் தேர்வானது. 2017இல் அவள் பத்தை முடித்தாள். மறுவருடமே மறுபடியும் கட்டாயமாகிவிட்டது. 2026இலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. தமிழ்நாட்டிலும் பிளஸ் ஒன்னுக்கு 2018இல் பொதுத்தேர்வு வந்தது, 2025-26இல் போயிற்று. போர்டைப் பார்த்துச் சேர்ப்பவர், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு யார் எப்படி மாற்றுவார்கள் என்று தெரியாத ஒன்றுக்கு இன்று முன்பணம் கட்டுகிறார். “நீட்டுக்கு என்சிஇஆர்டி புக்ஸ்தானே சார் அடிப்படை?” என்று கேட்பார். கேள்வி நியாயம்தான். ஆனால் மாநிலப் பாடநூல்களும் 2018இலிருந்து புதிதாக எழுதப்பட்டவை. பதினொன்றில் போர்டு மாறுகிற பிள்ளைகளும் உண்டு. தவிர, இப்போது ஸ்டெதஸ்கோப்பைக் கண்டாலே வீறிடுகிற ஒரு குழந்தைக்காக இந்தக் கணக்கைப் போட அவ்வளவு அவசரம் இல்லை.

அடுத்து மான்டிசரி. ‘சிபிஎஸ்இ வித் மான்டிசரி’ என்பது அவர் காதுக்கு மிகவும் இதமான தொடர். மரியா மான்டிசரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கியது ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக. அப்பா அம்மா வேலைக்குப் போனபின் படிக்கட்டில் கிடந்த பிள்ளைகள் அவர்கள். அந்த அம்மையாரே 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டுவிட்டதால் 1946வரை இந்தியாவிலேயே தங்கவும் நேர்ந்தது. அவருடைய முறையில் மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே அறையில் இருக்க வேண்டும். பெரியது செய்வதைப் பார்த்துச் சின்னது கற்கும். சின்னதுக்குச் சொல்லிக்கொடுத்துப் பெரியது கற்கும். எல்.கே.ஜி. ‘ஏ’, எல்.கே.ஜி. ‘பி’ என்று வயதுவாரியாகப் பிரித்து, நாற்பது பேரை ஒரே திசையில் உட்காரவைத்துவிட்டு, மூலையில் ஓர் அலமாரியில் மர உருளைகளை வைத்தால் அது வேறு ஏதோ ஒன்று. ஆனால் உண்மையான மான்டிசரிப் பள்ளி ஒன்று வாய்த்து, இரண்டு வருடம் கழித்து அவருடைய சின்னவளையும் பெரியவளையும் ஒரே அறையில் விட்டால் என்ன ஆகும்? மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்பார்: “மேடம், பெரியவளை ஏன் இன்னும் பேபி கிளாஸ்லயே வெச்சிருக்கீங்க?”

கட்டணம் கூடக் கூடப் படிப்பும் கூடும் என்பது அவருடைய அடுத்த நம்பிக்கை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமங்களில் குலுக்கல் போட்டு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலரைத் தனியார் பள்ளிகளில் சேர்க்கப் பணம் கொடுத்து, நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். (அந்தத் தனியார் பள்ளிகள் இதை மிகக் குறைந்த செலவில் செய்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும், அது அவர்களுக்குப் பெருமைதான்.) “அதெல்லாம் கிராமத்துப் பள்ளிக்கூடம் சார், நான் சொல்றது வருஷத்துக்கு ரெண்டு லட்சம்” என்பார் நம்மவர். ஒத்துக்கொள்கிறேன், அதுவும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வும் கிட்டத்தட்ட இதையே காட்டுகிறது. தனியார் பள்ளி மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள். பெற்றோரின் வசதியையும் படிப்பையும் கணக்கில் எடுத்துக் கழித்துவிட்டால் பெரும்பாலான நாடுகளில் அந்தக் கூடுதல் கரைந்துவிடுகிறது. அதாவது ரிசல்ட்டில் ஒரு பங்கு எல்.கே.ஜி. அப்பாவின் வீட்டிலிருந்தே பையில் போய்ப் பள்ளிக்கூடத்தின் பேரில் திரும்பி வருகிறது.

இரண்டும் பெண்கள் என்பதால் ஷீட்டில் இன்னொரு கட்டமும் உண்டு: கோ-எட்டா, கேர்ள்ஸ் ஒன்லியா? இங்கே அவருக்கு ஆலோசகர்கள் அதிகம். தஞ்சாவூரிலிருந்து அவருடைய அம்மா, “பொம்பளப் புள்ளைங்களுக்குக் கன்வென்ட்டுதாண்டா நல்லது” என்பார். அதே அம்மா அடுத்த மூச்சில், “ரெண்டும் பொண்ணா இருக்கு, இவ்வளவு ஃபீஸு எதுக்கு, ஆளுக்கு நாலு பவுன் எடுத்து வெச்சா ஆகாதா?” என்றும் கேட்பார். இந்த இரண்டாவது கேள்விக்கு மகன் பதிலே சொல்லாமல் போனை வைத்துவிடுகிறார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிடுகிறது. முதல் கேள்விக்கு ஆய்வுகள் தெளிவான பதில் தருவதில்லை. 2014இல் 21 நாடுகளைச் சேர்ந்த 184 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பெண்களுக்கு மட்டுமான பள்ளியால் சொல்லத்தக்க ஆதாயம் இல்லை என்றார்கள். தென்கொரியாவின் சோல் நகரில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பள்ளிகளுக்கு அனுப்பிவந்தார்கள். அங்கே ஆண், பெண் தனித்தனிப் பள்ளிகளில் மதிப்பெண் கொஞ்சம் கூடுதல் என்று வேறொரு ஆய்வு காட்டியது. ஆக, அம்மா சொல்லுக்காகக் கன்வென்ட்டில் போட்டாலும் குற்றமில்லை, போடாவிட்டாலும் குற்றமில்லை.

ஆனால் அவர் உண்மையில் கேட்பது மதிப்பெண்ணைப் பற்றியே அல்ல, பாதுகாப்பைப் பற்றி. அங்கேயும் கண்ணுக்குத் தெரிவதோடு நின்றுவிடுகிறார். சிசிடிவி எத்தனை என்று கேட்பார். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆயாம்மா வருவாரா என்று கேட்கமாட்டார். பஸ் ஏசியா என்று கேட்பார். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள், அதையொட்டித்தான் பள்ளி வாகனங்களுக்குச் சிறப்பு விதிகளே வந்தன என்றாலும், குனிந்து தரையைப் பார்க்கமாட்டார். கழிப்பறை பக்கமே போகமாட்டார். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அது பெரும்பாலான பள்ளிகளில் இருக்கும். கதவுத் தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, பதினோரு மணிக்குமேல் குழாயில் தண்ணீர் வருகிறதா, வகுப்பு நடக்கும்போது “மிஸ், மே ஐ கோ” என்றால் விடுவார்களா என்பதெல்லாம் எந்த அட்டவணையிலும் இல்லை. இதற்குச் சாட்சி வேண்டுமானால் சாயங்காலம் திரும்பி வரும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பார்க்கலாம். காலையில் ரொப்பிக் கொடுத்தது கழுத்துவரை அப்படியே இருந்தால், குழந்தைக்குத் தாகம் இல்லை என்று அர்த்தமில்லை. தண்ணீர் குடித்தால் எங்கே போகவேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெரிய வகுப்புப் பெண்கள் மாதத்தில் சில நாள் லீவு போடுவதற்கும் பல பள்ளிகளில் இதே இடம்தான் காரணம். ஸ்மார்ட் போர்டு வேலை செய்யாவிட்டால் ஒரு பாடம்தான் போகும்.

இதை அவர் மனைவி அறிவார். பிரின்ஸிபால் அறையில், கூல்டிரிங்க்ஸ் தம்ளர் மேஜையில் வேர்த்துக்கொண்டிருக்கும்போது, “மேடம், டாய்லெட்லாம் ஒரு தடவ பாக்கலாமா?” என்று மெல்லக் கேட்பது அவர்தான். எல்.கே.ஜி. அப்பா மேஜைக்கு அடியில் காலால் ஓர் இடி இடித்து, “அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்” என்று பல்லைக் காட்டிச் சிரிப்பார். ஏனென்றால் அந்த அறைக்குள் நுழைந்த நிமிடத்திலேயே அவர் பெண் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். எதிரே உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளை வீடு. அவர்கள் கேட்பார்கள், இவர் சொல்வார். என்ன படித்திருக்கிறீர்கள், வீட்டில் என்ன மொழி, அம்மா வேலைக்குப் போகிறாரா? மூன்று வாரமாக மனப்பாடம் செய்த பதில்களை ஒப்பித்து முடித்தபின் பெரியவளிடம் ஆப்பிள் படத்தைக் காட்டுவார்கள். வீட்டில் இருபது தடவை ‘ஆப்பிள்’ என்ற குழந்தை அங்கே வாயையே திறக்காது. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது, மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய்வரை அபராதம், நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்குவரை என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஆனால் சட்டம் 6 முதல் 14 வயதுவரையுள்ள குழந்தையைப் பற்றிப் பேசுகிறது. பள்ளிகள் காரியத்தை மூன்றரை வயதிலேயே முடித்துக்கொள்கின்றன. கட்டணமும் அப்படியே. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு ஒன்று பள்ளிவாரியாக இவ்வளவுதான் வாங்கலாம் என்று நிர்ணயிக்க 2009இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தத் தொகை என்னவென்று பார்க்க எல்.கே.ஜி. அப்பாவுக்கு ஆசைதான். சீட்டு கிடைத்தபிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அவரைக் கோழை என்றோ பகட்டுக்காரர் என்றோ சொல்லிவிட்டுப் போவது எளிது, அது நியாயமில்லை. பேர் போன பள்ளிகளில் வாசல் அகலமாகத் திறப்பது எல்.கே.ஜி.யில் மட்டும்தான், அப்புறம் யாராவது மாற்றலாகிப் போனால்தான் இடம். பெரியவளுக்கு ஓர் இடம் பிடித்துவிட்டால் சிப்ளிங் என்ற முறையில் சின்னவளுக்கும் முன்னுரிமை உண்டு. ஒரே வேன், ஒரே ஆண்டுவிழா, யூனிஃபார்மையும் மடிப்பைப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். ஆக ஒரு முடிவு, இரண்டு வாழ்க்கை, ஏறத்தாழ இருபத்தெட்டு வருடக் கட்டணம். பதறத்தான் செய்வார். நான் கேட்பதெல்லாம், அந்தப் பதற்றத்தில் சின்னவளை யாராவது ஒருமுறை பார்த்தார்களா என்பதுதான். பெரியவள் வாயாடி, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள். சின்னவள் தூணுக்குப் பின்னால் ஒளிகிற ரகமாக இருக்கலாம். ஒரு பிரிவுக்கு நாற்பது பேர் உள்ள பள்ளி முதலாமவளுக்குத் திருவிழா, இரண்டாமவளுக்குத் தண்டனை. ஷீட்டில் ‘குழந்தை’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது.

அப்படியானால் எல்லாரும் அரசுப் பள்ளிக்குப் போங்கள் என்கிறாயா என்று கேட்கலாம். இல்லை, பணம் அவருடையது, பிள்ளைகளும் அவருடையவர்கள். தவிர அவரே அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருக்கிறார். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆறாம் வகுப்பில் மாற்றினால் என்ன ஆகும் என்று ஷீட்டின் ஓரத்தில் மறைத்துவைத்த ஒரு கணக்குகூட உண்டு. அக்கம்பக்கத்து ஃபிளாட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கட்டத்தில் வந்து அது நின்றுவிட்டது.

எனக்கு அவர்மேல் உள்ள மனத்தாங்கல் பள்ளி பார்ப்பதில் இல்லை, பார்ப்பதை நிறுத்தும் இடத்தில்தான். ஜனவரியில் ரசீது கைக்கு வந்ததும் அவர் விசாரணையை முடித்துவிடுகிறார். உண்மையில் அன்றுதான் அவர் கேட்கலாம். அன்றுமுதல் அவர் விண்ணப்பதாரர் இல்லை, பணம் கட்டியவர். எல்.கே.ஜி. மிஸ் வருட நடுவில் போய்விட்டால் அடுத்து யார், வேனில் முதலில் ஏறும் குழந்தை எத்தனை மணிக்கு ஏறுகிறது, பி.டி. பீரியடில் பெண்களுக்குப் பந்து கொடுக்கிறார்களா என்றெல்லாம் கேட்டால் சீட்டைப் பிடுங்கிவிட மாட்டார்கள். ஜூலையில் நடக்கும் முதல் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மிஸ் அவருக்கு ஒதுக்கும் ஐந்து நிமிடத்தில் அவர் கேட்பது, “ஒலிம்பியாட் எந்த கிளாஸ்லேர்ந்து மிஸ்?” பக்கத்தில் மனைவி தண்ணீர் பாட்டிலைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுப்பார், அதற்குள் அடுத்த அப்பா வந்து நிற்பார். அன்று சாயங்காலமே அவர் எக்செல்லைத் திறந்து, பழையதை மூடிவிட்டுப் புது ஷீட் ஒன்று போடுகிறார்: அபாகஸ், ஃபோனிக்ஸ், பரதநாட்டியம், ஸ்கேட்டிங். அபாகஸ் வகுப்பில் நேர்காணல் கிடையாது, பணம் கட்டினால் யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.